தருமபுரியில் அந்த ‘ரு’ எங்கிருந்து வந்தது?

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயைத் தாண்டினால் முதலில் வருவது தருமபுரி, அப்புறம் கிருஷ்ணகிரி. 2004 பிப்ரவரி 9 வரைக்கும் இரண்டும் ஒரே மாவட்டமாகத்தான் இருந்தன. பெயர்கள் இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. ஆனால் அரசுப் பலகைகளில் அவற்றை எழுதியிருக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘தர்ம’ என்பது ‘தரும’ ஆகிவிட்டது. ‘க்ருஷ்ண’ என்பதில் முன்பாதி ‘கிரு’ ஆகியிருக்கிறது. பின்பாதியில் ‘ஷ்ண’ தமிழாகாமல் அப்படியே நிற்கிறது. பக்கத்துப் பக்கத்து மாவட்டம், ஒரே அரசு. எழுதும் முறை மட்டும் வேறு.

தருமபுரியின் ‘ரு’வில் இருக்கும் உகரமும் கிருஷ்ணகிரியின் ‘கி’யில் இருக்கும் இகரமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு மெய்யொலிகள் நெருங்கி நிற்கும் இடத்தில் ஓர் உயிர் நுழைந்து இரண்டையும் விலக்கிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. வடமொழி இலக்கணக்காரர்கள் இந்த மாதிரி ஒலிக்கு ஸ்வரபக்தி என்று பெயர் வைத்தார்கள். இன்றைய மொழியியலில் எபென்தசிஸ் என்பார்கள். நடுவில் வரும் உயிரை மட்டும் குறிக்க அனாப்டிக்சிஸ் என்று இன்னொரு பெயரும் உண்டு. பெயர்கள்தான் மிரட்டுகின்றன, விஷயம் எளிது. இங்கே இடையுயிர் என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், ‘சொல்ல எளிதாக இருக்கும் என்பதற்காக’. தப்பில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். நாக்கின் வசதி மட்டுமே காரணம் என்றால் ‘ர்ம’ வரும் இடமெல்லாம் மாறியிருக்க வேண்டும். தர்மம் தருமம் ஆகிறது, கர்மம் கருமம் ஆகிறது, சர்மம் சருமம் ஆகிறது. கூர்மம் மட்டும் கூர்மமாகவே இருக்கிறது. நம் சொந்தச் சொற்களான கூர்மை, நேர்மை, சீர்மை ஆகியவற்றிலும் அதே ‘ர்ம’தான், ஒரு தமிழனும் அதைச் சொல்லத் திணறியதில்லை. தருமபுரி மாவட்டத்திலேயே அரூர் பக்கம் தீர்த்தமலை இருக்கிறது. அதை யாரும் ‘தீருத்தமலை’ ஆக்கவில்லை. ஒரே மாவட்டத்தில் ஒரு பெயருக்கு உகரம் தேவைப்படுகிறது, இன்னொன்றுக்குத் தேவைப்படவில்லை.

வித்தியாசம் ர்-க்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. ‘தீ’ நெடில், ‘த’ குறில். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், மொழிமரபில், ஒரு சின்ன நூற்பா உண்டு: ‘அவற்றுள், ரகார ழகாரம் குற்றொற் றாகா’. அதாவது தனியாக நிற்கும் ஒரு குறிலுக்கு அடுத்து ர், ழ் என்ற இரண்டும் ஒற்றாக வராது. படித்தால் சட்டம் போடுவது போலத் தெரியும். உண்மையில் அது சட்டம் இல்லை. மொழியில் ஏற்கெனவே நடப்பதைக் கவனித்து எழுதி வைத்த குறிப்பு. சோதித்துப் பாருங்கள். குறிலுக்கு அடுத்து ல், ள், ண், ன், ய் முடிவாக வரும் சொற்கள் ஏராளம்: கல், கள், கண், பொன், மெய். ஓர் உயிர் மட்டுமே உள்ள சொற்களில் ர், ழ் முடிவாக வர நெடில் வேண்டும்: ஊர், தேர், வேர், மோர், யாழ், கூழ். குறிலாக இருந்தால் கடைசியில் ஓர் உயிர் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்: எரி, உரி, கரு, எழு, அழு, தொழு.

பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த ஒன்று இதற்குள்தான் இருக்கிறது: ஓர் ஊர், ஒரு வீடு. ‘ஓ’ குறுகி ‘ஒ’ ஆனதும் ர் தனியாக நிற்க முடியாமல் ‘ரு’ ஆகிறது. ஈராயிரம், இருபது, பேராசிரியர், பெருநகர், காரிருள், கருநாகம், ஏழ்கடல், எழுபது. எல்லாம் அதே அச்சு. ஆக, வடமொழி தர்மம் தமிழுக்குள் வந்தபோது நாக்கு தடுமாறி ஓர் உகரத்தைப் போட்டுவிட்டது என்று சொல்வது சரியில்லை. ‘ஓர்’ எந்தக் கணக்கில் ‘ஒரு’ ஆகிறதோ அந்தக் கணக்கில்தான் ‘தர்’ ‘தரு’ ஆனது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாநிலத்தைக் கருநாடகம் என்று எழுதுவதும், வர்ணம் வருணம் ஆனதும், கர்ப்பம் கருப்பம் ஆனதும் இதே வழியில்தான்.

இந்த வழக்கம் இன்று தளர்ந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலக்கோட்டில் இருப்பது தருமபுரி மாவட்டக் கூட்டுறவு சர்க்கரை ஆலை. முதல் சொல் பழைய கணக்குப்படி நடக்கிறது, நான்காவது சொல் நடக்கவில்லை. பழைய கணக்குப்படி அது சருக்கரை. அகராதியைத் திறந்தால் சருக்கரை இருக்கும். கடையில் கேட்டால் கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார். பர்கூர், சர்க்கார், வர்த்தகம், நர்ஸ் என்று குறிலுக்கு அடுத்த ர் இப்போது சர்வ சாதாரணம். ‘சர்வ சாதாரணம்’ என்பதிலும் அதே ர்தான், பாருங்கள். தினசரிகளில் சில இன்றும் தர்மபுரி என்றே அச்சிடுகின்றன. பேச்சில் இரண்டையும் கேட்கலாம். அரசு எழுத்தில் மட்டும் ‘ரு’ கெட்டியாக நிற்கிறது.

சரி, உயிரைச் செருகுவது ஒன்றுதான் வழியா? இல்லை. இந்த ஒரே சொல்லைத் தமிழ் மூன்று விதமாகச் சமாளித்திருக்கிறது. மிகப் பழையது தம்மம். மதுரைப் பக்கத்து மாங்குளம் தமிழ்பிராமிக் கல்வெட்டிலேயே அது இருக்கிறது. வடமொழிக்கு நெருங்கிய பழைய பேச்சுமொழியான பிராகிருதத்தில் ர் பக்கத்து மகரத்தோடு கரைந்து ‘தம்ம’ ஆகிவிட்டதால் அந்த வடிவம் தமிழுக்குச் சிக்கலே இல்லாமல் வந்து சேர்ந்தது. இரண்டாவது தன்மம்: ர் இருந்த இடத்தில் ன். கர்மம் கன்மம் ஆனதும் இப்படித்தான். மூன்றாவது தருமம். ஆத்மாவுக்கும் இதே போல இரண்டு வடிவங்கள் கிடைத்தன. மெய்யை மாற்றினால் ஆன்மா, நடுவில் உயிரைப் போட்டால் ஆத்துமா. முதலாவது சைவர்கள் வாயிலும் இரண்டாவது கிறிஸ்தவர்கள் வாயிலும் அதிகம் புழங்கின.

தகடூர்க்காரர்களுக்கு இதில் சொந்தமாகவே ஒரு சாட்சி இருக்கிறது. தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர், அதியமானின் ஊர். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு அவனை ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்கிறது. அந்த ‘புதோ’ வடமொழியின் புத்ர. பிராகிருதத்தில் தகரத்துக்குப் பின்னிருந்த ர் மறைந்துபோனது. அதைத்தான் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பல நூற்றாண்டு கழித்து அதே சொல் வடமொழியிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தபோது ர் மறையவில்லை. அதற்கு முன்னால் ஓர் இகரம் வந்து புத்திரன் ஆனது. பிராகிருதம் வழியாக வந்தவற்றில் மெய் தேய்ந்திருக்கும், வடமொழியிலிருந்து நேராக வந்தவற்றில் உயிர் சேர்ந்திருக்கும் என்பது பெரும்பாலும் பொருந்தும் அடையாளம். கண்ணன், கிருட்டிணன் என்ற இரண்டு பெயரையும் வைத்துப் பாருங்கள். க்ருஷ்ண என்பது பிராகிருதத்தில் கண்ஹ ஆகி, தமிழில் கண்ணன் ஆனது. கிருட்டிணன் பிறகு வந்த நேரடி வரவு. ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது.

அடுத்த கேள்விதான் எனக்கு இன்னும் சுவாரசியமானது. நுழைவது எந்த உயிர்? பன்னிரண்டில் ஏதோ ஒன்று குருட்டாம்போக்கில் வருவதில்லை. இதைப் பவணந்தி முனிவர் நன்னூலில் இரண்டு நூற்பாக்களில் அடக்கியிருக்கிறார். கங்கர் மரபில் வந்த சீயகங்கன் கேட்டு எழுதப்பட்ட நூல் அது. கங்கர்களின் பழைய தலைநகரான கோலார் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து வீடு மாதிரிதான். சொல்லின் தொடக்கத்தில் ர வந்தால் அதற்கு முன் அ, இ, உ மூன்றில் ஒன்று வரும்: அரங்கன், இராமன், உரோமம். ல வந்தால் இ அல்லது உ: இலாபம், உலோகம். ய வந்தால் இ: இயமன், இயந்திரம். நடுவில் இரண்டு மெய் இணைந்து வந்தால்? ‘இணைந்தியல் காலை’ என்று தொடங்கும் நூற்பா அதைச் சொல்கிறது. ய, ர, ல-வுக்கு முன் இகரம்: வாக்கியம், வக்கிரம், சுக்கிலம். ம, வ-வுக்கு முன் உகரம்: பதுமம், பக்குவம். ந-வுக்கு முன் அகரம்: அரதனம். ர-வுக்குப் பின் உகரமும் வரும்: அருத்தம். கடைசியில் ‘பிற’ என்று ஒரு சொல்லைப் போட்டு வாசலையும் திறந்து வைத்திருக்கிறார். நல்லவேளை, சக்கரம் போன்றவை இகரத்துக்குப் பதில் அகரத்தோடு நிற்பதற்கு அந்தச் சொல்தான் இடம் கொடுக்கிறது.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் வாயின் அமைப்பு இருக்கிறது. ம, வ இரண்டும் உதடு சேரும் ஒலிகள். உகரமும் உதடு குவிந்து வருவது. ய-வுக்கு நாக்கு எங்கே போகிறதோ அங்கேதான் இகரத்துக்கும் போகிறது. வரப்போகும் மெய்க்கு வாய் தயாராகும் வழியிலேயே அந்த உயிர் பிறந்துவிடுகிறது. துவாரம், சுவாமி, தத்துவம் ஒரு பக்கம். தியாகம், நியாயம், வியாபாரம் இன்னொரு பக்கம். ர, ல வரும் இடத்தில் இப்படிப்பட்ட இழுப்பு இல்லாததால் பொதுவாக இகரமே வந்து நிற்கிறது: கிராமம், விரதம், திரவியம், கிலேசம். அதிலும் அடுத்து வரும் உயிர் உ அல்லது ஓ ஆக இருந்தால் இடையுயிரும் பெரும்பாலும் உகரமாகிவிடுகிறது (கிருஷ்ண என்பது விலக்கு): சுருதி, சுலோகம், குரோதம், துரோகம்.

இந்த நூற்பாவைப் படித்திராதவர்கள்தான் இதை இன்றைக்கும் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கல் உடைக்கும் இடத்துக்குப் போனால் கிரானைட்டு, கிரஷர், கிரேன், டிராக்டர், பிளாக்கு. ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் கிரேட்டு. பேருந்தில் பிரேக்கு, கிளட்ச்சு, டிரைவர். எங்கும் இகரம். அடுத்த உயிர் உ, ஓ ஆனதும் குரூப்பு, புளூ, குளுக்கோஸ், குளோரின். ஆங்கிலம் தெரியாத ஒருவரும் ‘கிரூப்பு’ என்றோ ‘புரேக்கு’ என்றோ சொல்லிக் கேட்டதில்லை. சுருதிக்கு உகரம், விரதத்துக்கு இகரம் என்று பிரித்த அதே காது இங்கேயும் பிரிக்கிறது.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் மிகவும் வேண்டாத ஓர் ஆங்கிலச் சொல்லும் இந்த வகையில் சேரும்: புளோரைடு. நிலத்தடி நீரில் அது அதிகமாக இருப்பதால் பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வலியும் இங்கே தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன துன்பம். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே புளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதையும் சேர்த்துத்தான் தீட்டப்பட்டது. சொல்லைப் பாருங்கள். அடுத்து ஓகாரம் வருவதால் தொடக்கத்தில் உகரம், கடைசியில் டகரத்தைத் தாங்க இன்னோர் உகரம். ஆங்கிலத்தில் இரண்டே அசை, தமிழில் நான்கு.

கடைசியில் வரும் அந்த உகரம் தனிக் கதை. பல்பு, பேங்கு, கோர்ட்டு, நோட்டு. தமிழில் வல்லினம் சொல்லின் இறுதியில் நிற்காது. நாடு, காது, பாக்கு என்று ஒரு குற்றியலுகரம் தாங்கிப் பிடிக்கும். அதற்கு அரை மாத்திரைதான், அதாவது ஒரு மெய்க்கு உள்ள அளவு. உயிர் என்ற பெயரில் சேர்க்கக்கூடிய மிகக் குறைந்த ஒலி அது. வேறு உயிர் வந்ததும் இடத்தைக் காலி செய்துவிடும். ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்’ என்று நன்னூல் சொல்வது நாடென்றான், காதில் போன்றவற்றுக்கு. பல்பை மாற்று, பேங்கில் கேள் என்னும்போதும் அது அப்படியே ஓடிவிடுகிறது.

ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்றால் இன்னொன்று காதில் விழும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அங்கே கலந்து ஓடும். மூன்றிலும் பஸ்ஸு, காரு, ரோடுதான். தெலுங்கும் கன்னடமும் நம்மைவிட ஒரு படி மேலே போனவை. நாம் எழுத்தில் கல், கண், பால் என்று நிறுத்திவிட்டுப் பேச்சில் மட்டும் கல்லு, கண்ணு, பாலு என்கிறோம். கன்னடத்தில் கல்லு, கண்ணு, ஹாலு என்பவையே எழுத்து வடிவங்கள். பழங்கன்னடத்தில் அவையும் உகரமில்லாமல்தான் இருந்தன. ஒகேனக்கல் என்ற பெயரில் அந்தப் பழைய ‘கல்’ இன்னும் உகரம் சேராமல் கிடக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரியில் தக்கணி உருது பேசுகிறவர்களிடமும் இந்தச் செருகல் உண்டு: அரபியில் ஸப்ர், கப்ர், ஹுக்ம் என்று இரண்டு மெய் சேர்ந்து முடிபவை பேச்சில் சபர், கபர், ஹுக்கும் ஆகிவிடுகின்றன.

ஸகரம் முன்னால் வரும் சொற்களில்தான் விதி வேறு திசையில் திரும்புகிறது. பிரேக்கில் உயிர் நடுவே நுழைகிறது. ஸ்கூல், ஸ்டேஷன் என்றால் நடுவே நுழையாமல் முன்னால் போய் நிற்கிறது: இஸ்கூல், இஸ்டேஷன். ‘சிகூல்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஸகரத்துக்கு அடுத்து ல, வ, ந போன்றவை வந்தால் மறுபடி நடுவேதான்: சிலேட்டு, சுவீட்டு, சினேகம். இது தமிழ்நாட்டுக் கிராமத்து விநோதம் இல்லை. உத்தரப் பிரதேசத்திலும் இஸ்கூல்தான். ஸ்பானிய மொழி பள்ளிக்கு எஸ்குவேலா என்றே எழுதுகிறது.

காரணம் ஒலியில் இருக்கிறது. ப, க போன்ற ஒலிகளை அடைத்து வைத்துவிட்டு ர, ல-வை நோக்கித் திறக்கும்போது இடையில் மெல்லிய ஓர் உயிர்ச்சாயல் ஏற்கெனவே இருக்கும். அங்கே ஓர் உயிரைச் சேர்த்தால் அசல் ஒலி அதிகம் கெடாது. ஸகரம் அப்படியில்லை, சீறிக்கொண்டே வந்து ககரத்தில் போய் அடைபடுகிறது. நடுவில் திறப்பே இல்லை. அங்கே உயிரைப் போட்டால் சொல் அடையாளம் தெரியாமல் போகும். அதனால் நடுப்பகுதியைத் தொடாமல் வாசலில் ஓர் இகரத்தை நிறுத்திவிடுகிறோம். எழுத்தறிவே இல்லாத ஒரு பாட்டி இவ்வளவு நுட்பமாகப் பிரிக்கிறார் என்றால் அதை வாய்க்கோளாறு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

பழைய தமிழ் இதற்கு வேறொரு வழி வைத்திருந்தது. ஸகரத்தை வாசலிலேயே கழற்றிவிடுவது. ஸ்கந்தன் கந்தன், ஸ்தலம் தலம், ஸ்துதி துதி, ஸ்படிகம் படிகம், ஸ்தோத்திரம் தோத்திரம். சுருக்கமான வேலை. இன்றைக்கு நாம் ஸ்டேஷனை ‘டேஷன்’ என்றும் சொல்வதுண்டு; அது அந்தப் பழைய வழியின் மிச்சம்தான்.

இன்னொரு துணைக்கதை. 1792இல் மைசூர்ப் போர் முடிந்து பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதி கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக இங்கே வரிக் கணக்குப் பார்க்க வந்தவர் தாமஸ் மன்றோ. அவர் பெயரில் னகரமும் ரகரமும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ் இங்கே உயிரைச் செருகவில்லை, ‘ன்ற’ என்று எழுதிக்கொண்டது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: நடுவில் ஒரு டகரம் எட்டிப் பார்க்கும். ஹென்றி என்ற பெயரிலும் அப்படியே. செருகப்படுவது எப்போதும் உயிராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உயிரும் உயிரும் மோதினால் யகர வகரத்தை நடுவில் வைக்கும் உடம்படுமெய் நாம் படித்ததுதானே. மணி அடித்தான் என்பது மணியடித்தான் ஆவதும், தர்மம் தருமம் ஆவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

இதெல்லாம் வாயில் நடக்கிறதா, காதிலா? வாய் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1999இல் எமானுயேல் டூப்பூ என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ‘எபுஸோ’ என்பது போன்ற பொருளில்லாத சொற்களைப் பதிவு செய்து, நடுவிலுள்ள உகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, கடைசியில் உகரமே இல்லாமல் ஆக்கிக் கேட்க வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் உகரம் போனதும் போய்விட்டது என்றார்கள். ஜப்பானியர்களில் பெரும்பாலோர், துளிகூட இல்லாதபோதும், உகரம் கேட்கிறது என்றார்கள். ஜப்பானிய மொழியில் அப்படி இரண்டு மெய் சேர்ந்து வராது. மொழி எதை அனுமதிக்கவில்லையோ அதைக் காது தானாகவே திருத்திக் கேட்டுவிடுகிறது. ஐஸ்கிரீமை அவர்கள் ‘ஐசுகுரீமு’ என்பது சோம்பலால் இல்லை. அவர்கள் காதில் விழுவதே அப்படித்தான்.

இதை அப்படியே எடுத்துத் தமிழுக்கு ஒட்டிவிடக் கூடாது. தமிழ்க்காரர்கள் மெய்க்கூட்டைச் சொல்ல முடியாதவர்கள் இல்லை. வேகமாகப் பேசும்போது நாமே திருப்பியை ‘த்ருப்பி’ என்றும், குறுக்கே என்பதைக் ‘க்றுக்கே’ என்றும் உயிரை விழுங்கிவிடுகிறோம். எழுத்தில் இருக்கும் கிராமத்தை அரைவாசிப் பேர் ‘க்ராமம்’ என்றுதான் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரியையே அவசரத்தில் ‘கிஷ்ணகிரி’ ஆக்குகிறவர்கள் உண்டு. வாய்க்கு முடியும், ஆனால் ஒரு புதிய சொல்லை உள்ளே எடுத்துக்கொள்ளும்போது மொழி தன் அசைக் கணக்குக்குள் அதை உட்கார வைக்கப் பார்க்கிறது. அதனால்தான் ‘சொல்ல எளிது’ என்ற காரணம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை.

ஆங்கிலம் இதையெல்லாம் செய்யாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பஸ் என்ற சொல்லைப் பன்மையாக்க அவர்களும் ஓர் உயிரைச் செருகித்தான் ‘பஸ்ஸஸ்’ என்கிறார்கள், இரண்டு ஸகரம் ஒட்டி நிற்கக் கூடாது என்பதற்காக. ஐரிஷ்காரர்கள் நம்மைப் போலவே ‘ஃபிலிம்’ என்பார்கள். கத்திக்கு ஆங்கிலச் சொல்லை எழுதும்போது முன்னால் ககரத்தைப் போட்டுவிட்டுச் சொல்லும்போது விழுங்கிவிடுகிறார்கள். அதை யாரும் கேலி செய்வதில்லை. நம் ஊரில் பிளாட்பாரத்துக்கும் இஸ்கூலுக்கும் மட்டும் கேலி காத்திருக்கிறது. பிளாட்பாரத்தில் உள்ள ‘பா-ர-ம்’ நெடிலுக்குப் பின் வந்தாலும், ர்-க்கும் ம்-க்கும் நடுவே உயிர் நுழைந்ததில் தருமத்தின் உறவுதான். ஒன்று மாவட்டத்தின் அரசிதழ்ப் பெயராகிறது, இன்னொன்று சினிமாவில் நகைச்சுவைக்குப் போகிறது. இரண்டிலும் நடந்தது உயிரைச் செருகும் அதே வேலைதான். சொன்னவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

கிருஷ்ணகிரிக்குத் திரும்பினால், அங்கே ஏன் வேலை பாதியில் நின்றது? முழுதாகத் தமிழாக்கினால் கிருட்டிணகிரி. ஷகரம் டகரமாகும், ட் என்ற ஒற்றுக்குப் பின் ணகரம் தமிழில் வராது என்பதால் நடுவில் இகரம் வேண்டும். விஷ்ணுவை விட்டுணு ஆக்கியபோது அடுத்திருந்த உகரத்தைப் பார்த்து இடையுயிரும் உகரமானது. இங்கே அப்படி எதுவும் இல்லாததால் இகரம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கிருட்டிணகிரி என்று எழுதுகிறவர்கள் தனித்தமிழ் விரும்பிகளில் சிலர் மட்டுமே. பேச்சில் அது யார் வாயிலும் வருவதாகத் தெரியவில்லை. தருமபுரியில் ஓர் உகரத்தைச் சேர்த்தால் போதும், மற்ற எழுத்து எதுவும் மாறாது. கிருட்டிணகிரியில் உயிரைச் சேர்ப்பதோடு ஓர் எழுத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. ஷ போன்ற கிரந்த எழுத்து கையில் இருக்கும் வரை மக்கள் அந்த இரண்டாவது செலவைச் செய்ய மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் பெயரில் இகரம் தானாகச் சேர்ந்து, பகரம் இரட்டித்து, ஹகரம் உதிர்ந்து, யாரும் கவனிக்காமலேயே தமிழாகிவிட்டது. அங்கே வேறோர் எழுத்தாக மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

இப்போது எழுத்திலேயே இடையுயிர் குறைந்து வருகிறது. ப்ரேக், க்ளாஸ், ப்ளீஸ் என்று சொல்லின் தொடக்கத்திலேயே புள்ளி வைத்த எழுத்தைப் போடுவது பழைய இலக்கணப்படி செல்லாது. விளம்பரங்களும் குறுஞ்செய்திகளும் அதைப் பழக்கிவிட்டன. நான் பிரேக் என்றுதான் எழுதுவேன். படிக்கிறவர் எப்படியும் அந்த இகரத்தைக் குறுக்கித்தான் சொல்லப் போகிறார், எழுத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். மனிதர்களின் பெயர் என்று வரும்போது மட்டும் இது ரசனை விஷயமாக இருப்பதில்லை. ரேஷன் அட்டையில் பிரகாஷ், ஆதாரில் ப்ரகாஷ், நிலப் பட்டாவில் பிரகாசு என்று இருக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆங்கிலத்தில் மூன்றையும் ஒரே மாதிரி எழுதிவிடலாம். இ-சேவை மையத்தில் கேட்கப்படுவது தமிழ்ப் பெயராக இருந்தால் சிக்கல் தொடங்கும். கணினிக்குப் பிரகாஷும் ஏழு குறியீடுகள், ப்ரகாஷும் ஏழு குறியீடுகள். இரண்டாவது குறியீடு மட்டும் ஒன்றில் இகரக் குறி, மற்றதில் புள்ளி. அந்த ஒன்று மாறினாலே தேடலில் பெயர் வராது. வாக்காளர் பட்டியலில் தேடுகிறவர்கள் இரண்டு விதமாகவும் தட்டிப் பார்ப்பது நல்லது.